வாட்ச்மேனுக்கு எத்தனை சாவி?

ஒரு சின்ன கம்பெனி. பத்து சர்வர்கள். இரவு பத்து மணிக்கு மேல் அவை என்ன செய்கின்றன என்று யாருக்கும் தெரியாது. காலையில் வந்து பார்த்தால் டிஸ்க் நிரம்பி வழிந்து பில்லிங் நின்று போயிருக்கும். வாடிக்கையாளர் வாசலில் நிற்பார். அப்போதுதான் முதலாளிக்கு ஞானோதயம் வரும். "இதெல்லாம் முன்னாடியே சொல்ற மாதிரி ஏதாவது போட முடியாதாப்பா?" என்று கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பையனைக் கேட்பார். "போட்டுடலாம் சார்" என்பான் அவன்.

அவன் இணையத்தில் தேடுகிறான். கண்ணில் படும் முதல் பக்கத்திலேயே கறுப்புக் கட்டத்துக்குள் ஒரே ஒரு வரி. இதை நகலெடுத்து ரூட் பயனராக ஒட்டுங்கள், அரை நிமிடத்தில் வேலை முடிந்தது என்கிறது அந்தப் பக்கம். ஒட்டுகிறான். எழுத்துகள் கடகடவென்று மேலே ஓடுகின்றன. உலாவியைத் திறந்தால் வண்ண வண்ணமாய் வரைபடங்கள் அசைகின்றன. முதலாளிக்குச் சந்தோஷம். பையனுக்கு ஒரு டீ.

அந்த அரை நிமிடத்தில் கம்பெனியின் எத்தனை சாவிகள் கை மாறின என்பதை இருவருமே கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

(இங்கே வணிகவியல் வகுப்பு நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். கணினிக்காரர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போய்விடலாம்.)

கண்காணிப்பு ஏஜெண்ட் என்பது சர்வருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன புரோகிராம். பிராசஸர் எவ்வளவு உழைக்கிறது, நினைவகம் எவ்வளவு மிச்சம், டிஸ்க்கில் எவ்வளவு இடம், நெட்வொர்க்கில் எவ்வளவு போக்குவரத்து என்று சில விநாடிகளுக்கு ஒருமுறை எடுத்து வெளியே சொல்லும். 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்துக்குள் பிறந்த ப்ரொமீதியஸ் என்ற கட்டற்ற மென்பொருளின் 'நோட் எக்ஸ்போர்ட்டர்' இதில் மிகப் பிரபலமானது. ஜாபிக்ஸ், நேகியோஸ் என்று பழைய கைகளும் உண்டு. எல்லாவற்றுக்கும் வேலை ஒன்றுதான், வாட்ச்மேன் வேலை.

பொதி மேலாளர் என்பது லினக்ஸ் உலகத்தின் ஸ்டோர் கீப்பர். டெபியன், உபுண்டு பக்கம் 'ஆப்ட்' என்று பெயர். இன்ன மென்பொருள் வேண்டும் என்று சொன்னால் களஞ்சியத்திலிருந்து எடுத்து வந்து, அதற்கு வேண்டிய உதிரிகளையும் சேர்த்து நிறுவி, எந்தக் கோப்பை எங்கே வைத்தது என்று பதிவேட்டில் எழுதி வைத்துவிடும். நாளைக்கு வேண்டாம் என்றால் அந்தப் பதிவேட்டைப் பார்த்துச் சுத்தமாக எடுத்துவிடும். 1999 மார்ச்சில் டெபியன் 2.1 உடன் வந்தது ஆப்ட். இன்றும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

சரக்கு உள்ளே வரும்போது ஒரு நல்ல ஸ்டோர் கீப்பர் என்ன பார்ப்பார்? டெலிவரி சலானையும் பர்ச்சேஸ் ஆர்டரையும் ஒப்பிடுவார். சீல் உடைந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஆப்ட் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். களஞ்சியத்தில் ஒரு தலைமைப் பட்டியல் இருக்கிறது. அதன் மேல் டெபியனின் டிஜிட்டல் கையொப்பம். அந்தத் தலைமைப் பட்டியலுக்குள் பொதிகளின் பட்டியலுக்கான கைரேகை, பொதிப் பட்டியலுக்குள் ஒவ்வொரு பொதிக்குமான கைரேகை. வழியில் எவனாவது ஒரே ஒரு எழுத்தை மாற்றியிருந்தாலும் கைரேகை ஒத்துப்போகாது, சரக்கு வாசலிலேயே நின்றுவிடும். (இந்தக் கையொப்பச் சரிபார்ப்பு 2007 ஏப்ரலில் வந்த டெபியன் 4.0 முதல்தான் முறையாக நடைமுறைக்கு வந்தது. அதுவரை பெரும்பாலும் நம்பிக்கையில்தான் ஓடியது வண்டி!)

நம் கம்பெனிப் பையன் ஒட்டிய அந்த ஒற்றை வரியில் இந்தச் சடங்கு எதுவும் இல்லை. இணையத்திலிருந்து ஒரு ஸ்க்ரிப்டை இறக்கி, படித்துப் பார்க்காமல், நேராக ரூட் அதிகாரத்தில் ஓட்டு என்கிறது அது. சலான் கிடையாது, சீல் கிடையாது. லாரிக்காரர் நேரே கல்லாப்பெட்டி வரைக்கும் வந்து சரக்கை இறக்கிவிட்டுப் போகிறார்.

இதனால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று கேட்பவர்கள் 2021இல் கோட்கவ் நிறுவனத்தில் நடந்ததைப் படிக்க வேண்டும். மென்பொருள் சோதனைகள் எவ்வளவு தூரம் நிரலைத் தொடுகின்றன என்று அளந்து சொல்லும் நிறுவனம் அது. அதன் வாடிக்கையாளர்களும் இதே மாதிரி ஒரு ஸ்க்ரிப்டை இணையத்திலிருந்து இறக்கி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஜனவரி 31ஆம் தேதி முதல் அந்த ஸ்க்ரிப்டுக்குள் யாரோ சின்னதாக ஒரு மாற்றம் செய்து வைத்திருந்தார்கள். ஓட்டுகிற கணினியில் உள்ள ரகசியச் சாவிகள் எல்லாம் வேறொரு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. ஏப்ரல் 1ஆம் தேதிதான் வெளிச்சத்துக்கு வந்தது. (முட்டாள்கள் தினம்... கொடுமை!) எப்படி வந்தது தெரியுமா? ஒரு வாடிக்கையாளர், இறக்கிய ஸ்க்ரிப்டின் கைரேகை எண்ணையும் நிறுவனம் கிட்ஹப்பில் வெளியிட்டிருந்த எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஆப்ட் ஒவ்வொரு முறையும் யாரும் கேட்காமலேயே செய்கிற வேலையை, அங்கே இரண்டு மாதம் கழித்து ஒரு மனிதர் கையால் செய்ய வேண்டியிருந்தது.

ஆகவே பொதி மேலாளர் வழியாகப் போடு என்பது முதல் பாடம். ஆனால் விஷயம் அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தால் அது அப்பாவித்தனம்.

முதலில் களஞ்சியம் யாருடையது என்ற கேள்வி இருக்கிறது. டெபியனின் சொந்தக் களஞ்சியத்திலேயே நோட் எக்ஸ்போர்ட்டர் இருக்கிறது, ஜாபிக்ஸ் ஏஜெண்டும் இருக்கிறது. ஆனால் பதிப்பு கொஞ்சம் பழசாக இருக்கும். புதுசு வேண்டுமென்றால் எங்கள் களஞ்சியத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஏஜெண்ட் நிறுவனங்கள் சொல்லும். ஒரு சாவிக் கோப்பையும் கொடுக்கும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். சேர்த்தது ஒரு ஏஜெண்டுக்காகத்தான். ஆனால் அந்தக் களஞ்சியத்திலிருந்து எந்தப் பெயரில் பொதி வந்தாலும் ஆப்ட் ஏற்றுக்கொள்ளும். நாளைக்கு அதே பக்கம் இன்னும் பெரிய பதிப்பு எண்ணோடு வேறொரு முக்கியமான பொதியை வைத்தால், புதுசு வந்திருக்கிறது என்று அதையும் கொண்டுவந்து போட்டுவிடும். பால் போட வருகிறவருக்கு வீட்டுச் சாவியைக் கொடுத்து, அடுக்களைக்கு மட்டும் போய்விட்டு வந்துவிடுங்கள் என்று வாயால் சொல்வது போலத்தான் இது. எந்தச் சாவி எந்தக் களஞ்சியத்துக்கு மட்டும் செல்லும், எந்தக் களஞ்சியத்திலிருந்து எந்தப் பொதியை மட்டும் எடுக்கலாம் என்று கட்டுப்படுத்த ஆப்டில் வசதிகள் இருக்கின்றன. இரண்டு கோப்பில் நாலைந்து வரி. எழுதுகிறவர்கள்தான் குறைவு.

இன்னொன்று. பொதி நிறுவப்படும்போது அதனுள் இருக்கும் சின்ன ஸ்க்ரிப்டுகள் ரூட் அதிகாரத்தில் ஓடும். எவ்வளவு சாதுவான ஏஜெண்டாக இருந்தாலும் சரி, நிறுவும் அந்த ஒரு கணத்துக்கு அதுதான் ராஜா. அதற்குப் பிறகும் ராஜாவாகவே இருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. லினக்ஸில் பிராசஸர், நினைவகக் கணக்கெல்லாம் 'ப்ராக்' என்ற அடைவில் சாதாரணப் பயனரும் படிக்கக்கூடிய கோப்புகளாகவே கிடக்கின்றன. அதனால்தான் டெபியன் பொதியில் வரும் நோட் எக்ஸ்போர்ட்டர் தனக்கென்று அதிகாரம் இல்லாத ஒரு தனிப் பயனர் பெயரில் ஓடுகிறது. வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவர்களை எண்ணிக் குறித்துக்கொள்வதற்கு வாட்ச்மேனுக்குப் பீரோ சாவி எதற்கு?

ஆனால் அதிலும் ஒரு பொடி இருக்கிறது. டெபியனில் பெரும்பாலான சேவைகள் நிறுவிய உடனேயே தாமாக ஓட ஆரம்பித்துவிடும். நோட் எக்ஸ்போர்ட்டர் 9100 என்ற எண்ணுள்ள வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு, யார் வந்து கேட்டாலும் பதில் சொல்லும். கடவுச்சொல் கேட்காது. சர்வர் நேரே இணையத்தில் இருந்து, முன்னால் ஃபயர்வாலும் இல்லையென்றால், கம்பெனியின் சர்வரில் என்ன கெர்னல், எத்தனை டிஸ்க், எப்போது கடைசியாக ரீபூட் ஆனது என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். வாட்ச்மேன் சம்பளம் வாங்குவது ஒருவரிடம், வம்பு பேசுவது தெருவில் போகிற எல்லாரிடமும்! நேகியோஸ் குடும்பத்து ஏஜெண்ட் ஒன்றின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி இருக்கிறது. வெளியிலிருந்து வரும் கட்டளைகளோடு கூடுதல் சொற்களையும் ஏற்றுக்கொள்ளலாமா என்று தீர்மானிக்கிற வரி. அதன் பெயரே 'என்னைக் குறை சொல்லாதே' என்ற பொருளில்தான் வைத்திருக்கிறார்கள். எழுதியவர்களுக்கு ஆபத்து நன்றாகத் தெரிந்திருக்கிறது, பாவம்.

சரி. நல்ல களஞ்சியம், சரியான கையொப்பம், குறைந்த அதிகாரம். அப்புறமும் ஏமாறலாமா? தாராளமாக ஏமாறலாம்.

சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன் என்பது பெரிய நிறுவனங்களின் நெட்வொர்க் முழுவதையும் மேற்பார்வை பார்க்கும் மென்பொருள். 2020 மார்ச் முதல் ஜூன் வரை வெளியான அதன் அப்டேட்களுக்குள் உளவு நிரல் ஒன்று ஒளிந்திருந்தது. வழியில் யாரும் நுழைத்ததல்ல. நிறுவனத்தின் உள்ளேயே, மென்பொருள் தயாராகும் இடத்திலேயே புகுத்தப்பட்டது. அதன்பிறகு நிறுவனமே தன் கையொப்பத்தைப் போட்டு அனுப்பியது. கைரேகை ஒத்துப்போகிறது, சீல் உடையவில்லை, ஸ்டோர் கீப்பர் என்ன செய்வார்? உள்ளே போன நிரல் ஏறக்குறைய இரண்டு வாரம் சும்மா இருந்துவிட்டுத்தான் வாலாட்டத் தொடங்கியது. கிட்டத்தட்ட 18,000 வாடிக்கையாளர்கள் அந்த அப்டேட்டை வாங்கியிருக்கலாம் என்று நிறுவனமே சொன்னது. அமெரிக்க அரசின் கருவூலத் துறையும் வணிகத் துறையும் பாதிக்கப்பட்ட பட்டியலில் இருந்தன. ரஷ்ய வெளிநாட்டு உளவுத் துறையின் வேலை என்று அமெரிக்க அரசு பின்னர் அறிவித்தது. வேலியே பயிரை மேய்வது என்று சொல்வார்களே, அதைக்கூட ஒருவகையில் சேர்த்துக்கொள்ள முடியாது. இங்கே வேலிக்கே தெரியாது, தான் மேய்ந்துகொண்டிருப்பது.

அதைக் கண்டுபிடித்ததும் எந்த வரைபடமும் இல்லை. ஃபயர்ஐ என்ற பாதுகாப்பு நிறுவனத்தில் ஓர் ஊழியரின் கணக்கில் இரண்டாவதாக ஒரு ஃபோன் பதிவானது. அதைக் கவனித்த ஒருவர் அந்த ஊழியரைக் கூப்பிட்டு, இது உங்களுடையதா என்று கேட்டார். இல்லை என்றார் அவர். அந்த நூலைப் பிடித்துப் போனவர்கள்தான் 2020 டிசம்பரில் ஓரியனில் போய் முட்டினார்கள்.

வணிகவியல் மாணவர்களுக்கு இந்த இடத்தில் சத்யம் நினைவுக்கு வராமல் போகாது. 2009 ஜனவரி 7ஆம் தேதி ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், இல்லாத 5,040 கோடி ரூபாய் ரொக்கம், வங்கி இருப்பு என்று கணக்கில் காட்டப்பட்டிருந்ததை ஒப்புக்கொண்டார். ஆடிட்டர்கள் இருந்தார்கள், கையெழுத்தும் இருந்தது. ஆனால் வங்கி இருப்புக்கான உறுதிக் கடிதங்களை வங்கியிடமிருந்து நேராக வாங்காமல் நிர்வாகத்தின் வழியாக வந்ததை நம்பினார்கள். ஏஜெண்ட் கண்காணிப்பின் அடிப்படைப் பலவீனமும் இதேதான். சர்வருக்குள் உட்கார்ந்திருக்கும் ஏஜெண்ட், அந்தச் சர்வர் தன்னைப் பற்றிச் சொல்வதைத்தான் வெளியே சொல்கிறது. சர்வர் திருடன் கைக்குப் போய்விட்டால் ஏஜெண்டும் அவன் பேச்சையே பேசும். ஆகவே ஏஜெண்டோடு நிறுத்தாமல் வெளியிலிருந்து கதவைத் தட்டிப் பார்க்கிற ஒரு சோதனையும் வேண்டும். பில்லிங் பக்கம் திறக்கிறதா என்று வேறொரு இடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது. அவ்வளவுதான். செலவு சொற்பம்.

இனி சாவிகளிலேயே பெரிய சாவிக்கு வரலாம். ஏஜெண்ட் எப்போது மாற வேண்டும் என்று தீர்மானிப்பது யார்?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் காலை 9:39. க்ரௌட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் ஃபால்கன் என்ற பாதுகாப்பு ஏஜெண்டுக்கு ஒரு சின்னக் கோப்பை அனுப்பியது. 10:57க்குத் தவறு தெரிந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. மொத்தம் 78 நிமிடம். அதற்குள் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு சுருண்டன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. விமானங்கள், வங்கிகள், மருத்துவமனைகள்... இந்திய விமான நிலையங்களில் இண்டிகோ ஊழியர்கள் பேனா எடுத்துக் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் படம் அன்றைக்கு எல்லார் ஃபோனிலும் சுற்றியது.

காரணம் கேட்டால் கணக்குப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். புது வகை விதிகளுக்கு 21 கட்டம் என்று வரையறுத்திருந்தார்கள். ஏஜெண்டின் உள்ளே இருந்த நிரல் கொடுத்ததோ 20 கட்டம். அதுவரை வந்த விதிகள் எல்லாம் 21ஆவது கட்டத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தன. அன்றைக்கு வந்த விதி முதல்முறையாக அதை எட்டிப் பார்த்தது. இல்லாத இடத்தைப் படிக்கப் போய், கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்த ஏஜெண்ட் விழுந்தது. கூடவே கணினியையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. லெட்ஜரில் ஒரு பத்தி குறைந்ததற்குக் கடையே இடிந்து விழுந்த மாதிரி!

பிழை எல்லாருக்கும் வரும். கோபம் வர வேண்டியது வேறு இடத்தில். ஃபால்கன் வாங்கியவர்களில் பல நிறுவனங்கள் கவனமானவை. புதுப் பதிப்பு வந்த அன்றே வேண்டாம், ஒரு பதிப்பு பின்தங்கியே வருகிறோம் என்று அமைப்பில் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள். அந்த வசதியை நிறுவனமே கொடுத்திருந்தது. ஆனால் ஜூலை 19 அன்று வந்தது 'பதிப்பு' அல்ல, 'உள்ளடக்கம்'. உள்ளடக்கத்துக்கு அந்த அமைப்பு பொருந்தாது. முன்வாசலில் பூட்டுப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். பின்வாசல் சாவி நிறுவனத்திடமே இருந்தது என்பது கணினி விழுந்த பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. திரும்ப எழுப்புவதற்கும் பின்வாசல் உதவவில்லை. பெரும்பாலான இடங்களில் கணினி கணினியாகப் போய்ப் பாதுகாப்பு முறையில் திறந்து அந்தக் கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது.

ஏஜெண்ட் நிறுவனங்களுக்குத் தாமாகவே அப்டேட் ஆகும் ஏஜெண்ட் ஏன் இவ்வளவு பிடிக்கிறது? தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு வணிகவியல் கண்ணோடு பார்த்தால் விடை எளிது. எல்லா வாடிக்கையாளரும் ஒரே பதிப்பில் இருந்தால் அதைப் பராமரிக்கும் செலவு குறைவு. பத்துப் பழைய பதிப்புகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க ஆட்கள் வேண்டாம். அந்த மிச்சம் நிறுவனத்துக்கு. தவறு நடந்தால் வருகிற நஷ்டம் வாடிக்கையாளருக்கு. டெல்டா விமான நிறுவனம் ஐந்து நாளில் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்தது. 50 கோடி டாலர் நஷ்டம் என்றது. க்ரௌட்ஸ்ட்ரைக்கின் வழக்கறிஞரோ, ஒப்பந்தப்படி பொறுப்பு ஒற்றை இலக்க மில்லியன் டாலருக்குள்தான் வரும் என்று 2024 ஆகஸ்டில் பதில் எழுதினார். அக்டோபரில் டெல்டா நீதிமன்றம் போனது. வழக்கு எப்படியாவது போகட்டும். 50 கோடி எங்கே, ஒற்றை இலக்க மில்லியன் எங்கே! லாபம் ஒருவருக்கு, ரிஸ்க் இன்னொருவருக்கு என்றால் கவனம் எங்கே குறையும் என்பதைப் பொருளாதாரப் பாடத்தில் முதல் வருடமே சொல்லித் தருகிறார்கள்.

பொதி மேலாளரின் அருமை தெரிவது இங்கேதான். கையொப்பம் பார்ப்பது அதன் பாதி வேலைதான். எப்போது மாற்றுவது என்ற முடிவைச் சர்வரின் சொந்தக்காரர் கையில் வைத்திருப்பது மறு பாதி. ஒரு கட்டளை கொடுத்து, இந்தப் பொதி இந்தப் பதிப்பிலேயே நிற்கட்டும் என்று நிறுத்தி வைக்கலாம். ஒரு சர்வரில் மட்டும் புதுசைப் போட்டு இரண்டு நாள் பார்க்கலாம். பிடிக்கவில்லையென்றால், பழைய பொதி கையில் இருந்தால், அதையே திரும்பப் போடலாம். 78 நிமிடத்தில் முடிந்த கூத்தை யோசித்துப் பாருங்கள். கோப்பு வந்த சில நிமிடங்களிலேயே கணினிகள் விழத் தொடங்கின. ஒரே ஒரு சோதனைக் கணினியில் முதலில் இறக்கி ஒரு டீ குடிக்கும் நேரம் காத்திருந்தால் மற்றவை பிழைத்திருக்கும்.

ஆனால் பொதி மேலாளரைத் தெய்வமாக்கிக் கற்பூரம் காட்டவும் முடியாது. டேட்டாடாக் கதை அதற்குச் சாட்சி. ஊரில் உள்ள சர்வர்களையெல்லாம் கண்காணிப்பதே அந்த நிறுவனத்தின் தொழில். 2023 மார்ச் 8 அன்று அதுவே படுத்துவிட்டது. என்ன ஆயிற்று? அவர்களுடைய கணினிகளில் உபுண்டு 22.04. பாதுகாப்பு அப்டேட்கள் தாமாகவே நிறுவப்படும் பழைய ஏற்பாடு ஒன்று அணைக்கப்படாமல் இருந்தது. அன்று வந்தது சிஸ்டம்டி என்ற அடிப்படைப் பொதிக்கு ஒரு சாதாரண அப்டேட். அது நிறுவப்பட்டதும் நெட்வொர்க்கைக் கவனிக்கும் பகுதி மறுபடி தொடங்கியது. தொடங்கும்போது தனக்குத் தெரியாத வழிகளையெல்லாம் குப்பை என்று நினைத்துப் பெருக்கித் தள்ளியது. அந்த வழிகள் வேறொரு மென்பொருள் போட்டு வைத்தவை. பல்லாயிரம் கணினிகள் ஊமையாயின.

மூன்று வெவ்வேறு கிளவுட் நிறுவனங்கள், பல நாடுகள் என்று பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும் என்பது கணக்கு. ஆனால் எல்லாக் கணினிகளிலும் தானியங்கி அப்டேட்டின் நேரம் ஒன்றுதான்: உலகப் பொது நேரம் காலை ஆறிலிருந்து ஏழுக்குள். உபுண்டுவில் யாரும் கை வைக்காவிட்டால் அப்படித்தான் இருக்கும். எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துக்குள் வரிசையாக விழுந்தன. எழுந்து நிற்க ஒரு நாளுக்கு மேல் ஆனது. முட்டைகளைப் பத்துக் கூடைகளில் பிரித்து வைத்துவிட்டு, பத்துக் கூடையையும் ஒரே கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட கதை.

இதை வைத்துக்கொண்டு தானியங்கி அப்டேட்டே பாவம் என்று சொல்ல வருகிறவர்கள் உண்டு. அதுவும் சரியல்ல. பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு மாதக்கணக்கில் அடைக்காமல் விட்டு மாட்டிக்கொண்டவர்கள் இதைவிட அதிகம். ஆள் இல்லாத சின்ன கம்பெனியில் தானியங்கி அப்டேட் இல்லையென்றால் எந்த அப்டேட்டும் இல்லை என்றுதான் பொருள். வேண்டியது நேரத்தைப் பிரித்துப் போடுவதுதான். இரண்டு சர்வர்களுக்குத் திங்கள், மூன்றுக்குப் புதன், மிச்சத்துக்கு வெள்ளி. திங்கள் அன்று எதுவும் உடையவில்லையென்றால் புதன் தானாக நடக்கட்டும். உடைந்தால் நிறுத்த இரண்டு நாள் இருக்கிறது.

பழைய பதிப்பு என்று டெபியன் களஞ்சியத்தைக் கேலி செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்வதற்குப் போன வாரம் வெளியான பதிப்புதான் வேண்டுமா? ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் டெபியன் பாதுகாப்புக் குழு அந்தத் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்பிலேயே ஒட்டித் தந்துவிடுகிறது. வைரஸ் பிடிக்கிற ஏஜெண்டுக்கு அவசரம் இருப்பது நியாயம், மணிக்கொரு புது வைரஸ் வருகிறது. நினைவகத்தை எண்ணுகிற ஏஜெண்டுக்கு என்ன அவசரம்?

மெதுவாகப் போவதால் உயிர் பிழைத்த சம்பவமும் உண்டு. 2024 மார்ச் 29 அன்று, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களில் ஒருவரான ஆந்த்ரஸ் ஃப்ராய்ண்ட் ஒரு மடல் எழுதினார். எக்ஸ்இஸட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்வாசல் வைத்திருக்கிறார்கள் என்றது அது. வைத்தவர் இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக உழைத்து, நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்பாளராகவே ஆகிவிட்டவர். ஃப்ராய்ண்டுக்கு எப்படித் தெரிந்தது? தன் சோதனைக் கணினியில் வேக அளவீடு செய்துகொண்டிருந்தவர், தொலைவிலிருந்து உள்ளே நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி அதிகம் ஆவதைக் கவனித்தார். ஏன் என்று தோண்டினார். அதற்குள் அந்தப் பொதி டெபியனின் சோதனைக் கிளைகளுக்கும் ஃபெடோராவின் சோதனைப் பதிப்புக்கும் வந்துவிட்டிருந்தது. டெபியனின் நிலையான பதிப்புக்கு வந்திருக்கவில்லை. 'பழசு' என்று கேலி செய்யப்படும் அந்தப் பதிப்புக்கு!

நம் கம்பெனிப் பையனிடமே திரும்பலாம். அவன் செய்ய வேண்டியிருந்தது மிகக் குறைவு. களஞ்சியத்திலிருந்தே நோட் எக்ஸ்போர்ட்டரை ஒரு சர்வரில் நிறுவியிருக்கலாம். 9100ஆம் வாசலை அலுவலக நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்து வைத்திருக்கலாம். இரண்டு நாள் கழித்து மற்ற ஒன்பதில் போட்டிருக்கலாம். மொத்தம் ஒரு மதிய நேர வேலை. வரைபடங்கள் அவ்வளவு பளபளப்பாக இருந்திருக்காது, முதலாளி "இவ்ளோதானா?" என்று கேட்டிருப்பார். டீ கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

க்ரௌட்ஸ்ட்ரைக் அதன்பிறகு உள்ளடக்க அப்டேட்களையும் படிப்படியாக வெளியிட ஆரம்பித்தது. எந்தக் கணினிக்கு எப்போது வரலாம் என்று வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கும் வசதியையும் சேர்த்தது. பின்வாசலுக்கும் இப்போது உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது.